மைக்குக்குக் கரண்ட் கொடுக்கிறது யாரு?

(இது ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, துணைத் தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். நேயர் ஒருத்தர் அனுப்பியிருந்தார். அப்படியே வாசிக்கிறேன்.

"என் கேமராவுல எக்ஸ்.எல்.ஆர் இன்புட் இருக்கு. 48 வோல்ட் ஸ்விட்சும் இருக்கு. என்கிட்ட இருக்கிற பூம் மைக்குக்கு 48 வோல்ட் வேணும். நேரா கேபிள் போட்டா சத்தம் அருமையா வருது. நடுவுல வயர்லெஸ் செட்டை மாட்டினா ஒண்ணுமே வரல. ஆனா அதே வயர்லெஸ் செட்ல காலர் மைக் போட்டா வேலை செய்யுது. இதுல எது ரிப்பேர்?"

எதுவுமே ரிப்பேர் இல்ல. மைக் நல்லா இருக்கு, வயர்லெஸ் நல்லா இருக்கு, கேமராவும் நல்லா இருக்கு. மைக்குக்குப் போக வேண்டிய கரண்ட் மட்டும் போய்ச் சேரல. இது புரியாம நல்ல மைக்கை அலமாரியில தூக்கி வச்சிட்டுப் புதுசு வாங்கினவங்க உண்டு. அதைவிட மோசம், ஷூட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து எடிட்டுக்கு உக்காரும்போதுதான் டிராக்ல ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சுக்கிறது.

படம் கொஞ்சம் இருட்டா வந்தா கலர் கரெக்‌ஷன்ல சமாளிக்கலாம். கொஞ்சம் ஆடினாலும் ஒப்பேத்தலாம். சத்தம் பதிவாகலைன்னா ஒண்ணும் பண்ண முடியாது. குறும்படம்னா டப்பிங் பேசலாம். எண்பது வயசு நாடகக் கலைஞர் ஒருத்தர் மூணு மணி நேரம் மனசு விட்டுப் பேசின பேட்டிக்கு என்ன பண்ணுவீங்க? கல்யாண வீட்ல பொண்ணோட அப்பா தழுதழுத்த குரல்ல சொன்ன ரெண்டு வார்த்தைக்கு? அதுக்கெல்லாம் ரீடேக் கிடையாது.

அதனால இன்னைக்குச் சொல்லப் போறதை முதல்லயே ஒரே வரியில சொல்லிடறேன். மைக் எந்தப் பெட்டியில நேரடியா செருகியிருக்கோ, அந்தப் பெட்டிதான் அதுக்குக் கரண்ட் கொடுக்கணும். இல்லைன்னா மைக்குக்குள்ளயே பேட்டரி இருக்கணும். வயர்லெஸ் செட்ல அந்தப் பெட்டி, டிரான்ஸ்மிட்டர். அந்தப் பக்கம் கேமரா என்ன கொடுத்தாலும் மைக்குக்கு அது வந்து சேராது.

இது ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

மைக்குக்கு எதுக்குக் கரண்ட்?

எல்லா மைக்குக்கும் கரண்ட் வேணும்னு இல்ல. மேடையில பாடகர்கள் கையில பிடிக்கிற மைக்கை எடுத்துக்கோங்க. ஷூர் எஸ்.எம் 58 மாதிரி. அது டைனமிக் மைக். உள்ள ஒரு சின்ன கம்பிச் சுருள், பக்கத்துல ஒரு காந்தம். நாம பேசுற சத்தம் மெல்லிய சவ்வை அசைக்குது, சவ்வோட ஒட்டியிருக்கிற சுருளும் அசையுது, காந்தப் புலத்துக்குள்ள சுருள் அசைஞ்சா மின்சாரம் பிறக்குது. ஸ்கூல்ல படிச்ச டைனமோ கதைதான். தனக்கு வேணுங்கிற மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்குது. வெளியில இருந்து எதுவும் வேண்டாம்.

வீடியோவுக்கு நாம பயன்படுத்துற காலர் மைக், பூம் மைக், கேமரா மேல உக்காந்திருக்கிற குட்டி மைக் எல்லாமே கிட்டத்தட்ட கண்டென்சர் வகை. இதுல சுருளும் இல்ல, காந்தமும் இல்ல. ரெண்டு தட்டு, நடுவுல நூலிழை இடைவெளி. ஒரு தட்டு அசையாம நிக்குது. இன்னொண்ணு சவ்வு, சத்தத்துக்கு அசையுது. இடைவெளி மாற மாற, தட்டுகளுக்கு நடுவுல இருக்கிற வோல்டேஜ் மாறுது. அந்த மாற்றம்தான் நம்ம ஆடியோ.

இதுல ரெண்டு தேவை இருக்கு. ஒண்ணு, தட்டுல முன்கூட்டியே மின்னூட்டம் இருக்கணும். ரெண்டாவது, வர்ற சிக்னல் ரொம்ப நோஞ்சான். ஒரு மீட்டர் கேபிள்லகூட ஒழுங்கா நடந்து போகாது. அதனால மைக்குக்குள்ளயே, தட்டுக்குப் பக்கத்துலயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் வேணும்.

முதல் தேவையை ஒரு அழகான கண்டுபிடிப்பு தீர்த்து வச்சது. 1962-ல பெல் ஆய்வகத்துல கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் எலக்ட்ரெட் மைக்கை உருவாக்கினாங்க. காந்தத்துக்குள்ள காந்த சக்தி நிரந்தரமா தங்குற மாதிரி, மின்னூட்டத்தை நிரந்தரமா பிடிச்சு வச்சுக்கிற ஒரு மெல்லிய படலம். அதுக்கப்புறம் தட்டுக்குத் தனியா மின்னூட்டம் கொடுக்க வேண்டியதில்ல. இன்னைக்கு உங்க சட்டையில குத்துற காலர் மைக்கெல்லாம் அந்தப் பரம்பரைதான்.

ஆனா ரெண்டாவது தேவை அப்படியேதான் இருக்கு. உள்ள இருக்கிற குட்டி ஆம்ப்ளிஃபயர் ஒரு டிரான்சிஸ்டர். அது உயிரோட இருக்கணும்னா கரண்ட் வேணும். ரொம்பக் கொஞ்சம்தான், காலர் மைக்ல அரை மில்லி ஆம்பியர் மாதிரி. ஆனா அந்தக் கொஞ்சமும் இல்லைன்னா மைக் செத்த மாதிரிதான்.

கரண்ட் வர்ற மூணு வழி

முதல் வழி, பிளக்-இன் பவர். சிலர் பயாஸ் வோல்டேஜ்னு சொல்வாங்க. கேமராவுல இருக்கிற 3.5 மில்லிமீட்டர் மைக் சாக்கெட், டிரான்ஸ்மிட்டர்ல இருக்கிற மைக் சாக்கெட், இதெல்லாம் சும்மா ஓட்டை கிடையாது. அது வழியா 2-ல இருந்து 5 வோல்ட் வரைக்கும் வெளிய வருது. சத்தம் உள்ள வர்ற அதே கம்பியில கரண்ட் வெளிய போகுது. காலர் மைக்குக்கும், பேட்டரி இல்லாத குட்டி கேமரா மைக்குக்கும் இதுவே தாராளம்.

ரெண்டாவது வழி, பேண்டம் பவர். பேண்டம்னா பேய், ஆவி. தனி வயர் எதுவும் கண்ணுக்குத் தெரியாம ஆடியோ கேபிள்லயே கரண்ட் போறதால அந்தப் பேர். இதுக்கு 48 வோல்ட். ஏன் 48? 1966-ல நார்வே நாட்டு ரேடியோவான என்.ஆர்.கே, ஜெர்மனியோட நாய்மன் கம்பெனிகிட்ட டிரான்சிஸ்டர் வச்ச மைக் கேட்டாங்க. அவங்க ஸ்டூடியோவுல அவசர விளக்குக்காக 48 வோல்ட் லைன் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கலாம்னு முடிவாச்சு. கே.எம் 84 மைக் அப்படித்தான் வந்தது. அந்த 48 பிறகு உலகத் தரமாவே மாறிடுச்சு. நான் சாஃப்ட்வேர் ஆளு. எப்பவோ யாரோ வசதிக்காகப் போட்ட ஒரு எண், பல வருஷம் கழிச்சு யாரும் தொட முடியாத ஸ்டாண்டர்டா நிக்கிறது எங்க உலகத்துலயும் தினசரிக் கதைதான்.

எக்ஸ்.எல்.ஆர் கேபிள்ல மூணு பின் இருக்கு. 1 கிரவுண்ட். 2-லயும் 3-லயும் ஆடியோ. பேண்டம் பவர், 2-க்கும் 3-க்கும் சமமா 48 வோல்ட் கொடுக்குது, ஒவ்வொண்ணுலயும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா. திரும்பி வர்ற பாதை 1. ரெண்டு கம்பியிலயும் ஒரே வோல்டேஜ் இருக்கிறதால, நல்ல கேபிள்ல போட்ட டைனமிக் மைக்குக்கு எந்தச் சேதமும் வராது. அதோட சுருள் 2-க்கும் 3-க்கும் நடுவுல இருக்கு, ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னா அதுல கரண்ட் ஓடாது.

மூணாவது வழி, மைக்கோட சொந்த பேட்டரி. சில பூம் மைக் பின்னாடி திருகினா ஒரு பென்சில் செல் போடுற இடம் இருக்கும். சில கேமரா மைக்ல 9 வோல்ட் பேட்டரி, புதுசுல சார்ஜ் பண்ற லித்தியம் பேட்டரி. இவங்களுக்கு யார் தயவும் வேண்டாம்.

பழைய மைக் வாங்குறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. டி-பவர்னு ஒண்ணு இருந்தது, 12 வோல்ட். சினிமா ஆடியோவுல பல காலம் ஓடினது. அதே எக்ஸ்.எல்.ஆர் பிளக்தான், ஆனா வோல்டேஜ் 2-க்கும் 3-க்கும் குறுக்க வரும். சென்ஹைசர் எம்.கே.எச் 416 டி வேற, எம்.கே.எச் 416 பி 48 வேற. பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி. செகண்ட் ஹேண்ட்ல எடுக்கும்போது கடைசி எழுத்தைப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

சத்தம் காத்துல போகும், கரண்ட் போகாது

இப்போ நேயர் கேள்விக்கு வருவோம்.

ஆபீஸ் சீலிங்ல இருக்கிற வைஃபை பெட்டியைக் கவனிச்சிருக்கீங்களா? அதுக்குத் தனியா பவர் வயர் இருக்காது. நெட்வொர்க் கேபிள்லயே கரண்ட்டும் வருது. பவர் ஓவர் ஈதர்நெட்னு பேரு. பேண்டம் பவரும் அதே யோசனைதான், டேட்டா போற கேபிள்லயே கரண்ட்டும். அந்தப் பெட்டியில இருந்து உங்க லேப்டாப்புக்கு டேட்டா காத்துல வருது. அதுக்காக லேப்டாப் சார்ஜ் ஆகுமா? ஆகாது. லேப்டாப்புக்கு அதோட பேட்டரிதான்.

வயர்லெஸ் மைக்கும் இதேதான். கேமராவுல 48 வோல்ட் ஸ்விட்சைப் போட்டா, அது கேபிள் வழியா ரிசீவர் வாசல் வரைக்கும் வரும். அங்கயே நின்னுடும். ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவுல இருக்கிறது ரேடியோ அலை. அதுல ஆடியோ தகவல் மட்டும்தான் பயணம் பண்ணுது.

அந்தப் பக்கம் பூம் மைக் டிரான்ஸ்மிட்டர்ல செருகியிருக்கு. இடுப்புல மாட்டுற டிரான்ஸ்மிட்டர் கொடுக்கிறது 5 வோல்ட் மாதிரி பயாஸ். காலர் மைக்குக்கு அது போதும், அதனாலதான் நேயரோட காலர் மைக் வேலை செஞ்சது. பூம் மைக் 48 கேக்குது, 5 கொடுத்தா அது கண்ணே திறக்காது.

இன்னொரு விஷயம். ரிசீவரை எக்ஸ்.எல்.ஆர் கேபிள்ல கேமராவுக்குக் கொடுக்கும்போது அந்த 48 வோல்ட் ஸ்விட்சை ஆஃப் பண்ணிடுங்க. யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அதுவும் 3.5 மில்லிமீட்டர் பிளக்ல இருந்து எக்ஸ்.எல்.ஆருக்கு மாறுற சாதாரண கேபிள்னா, 48 வோல்ட் நேரா ரிசீவரோட அவுட்புட்ல போய் முட்டும். ரிசீவர் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். எதுக்கு வம்பு?

அப்போ என்ன பண்றது?

48 வோல்ட் கேக்குற மைக்கை வயர்லெஸ்ல விட நாலு வழி இருக்கு.

ஒண்ணு, பிளக்-ஆன் டிரான்ஸ்மிட்டர். மைக்கோட பின்பக்கத்துலயே நேரா செருகுற சின்ன கட்டை மாதிரி இருக்கும். இதுல 48 வோல்ட் கொடுக்கிறதும் உண்டு, கொடுக்காததும் உண்டு. சென்ஹைசரோட ஜி3 வரிசையில எஸ்.கே.பி 100-ல பேண்டம் கிடையாது, எஸ்.கே.பி 300-ல உண்டு. முதல் வகை டைனமிக் ஹேண்ட் மைக்குக்காக வந்தது. போட்டோவைப் பார்த்து ஆர்டர் போடாதீங்க. விவரப் பட்டியல்ல 48 வோல்ட்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

ரெண்டு, சொந்த பேட்டரி இருக்கிற மைக். ரோட் கம்பெனியில என்.டி.ஜி 1, என்.டி.ஜி 2-ன்னு ரெண்டு மாடல். என்.டி.ஜி 1-க்குப் பேண்டம் கட்டாயம். என்.டி.ஜி 2-ல டபுள் ஏ பேட்டரியும் போடலாம். கேமராவுல கேபிள் போட்டே வேலை செய்றவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். வயர்லெஸ்ல விடப்போறவருக்கு அந்த பேட்டரி மூடிதான் எல்லாமே.

மூணு, தனி பேண்டம் பவர் பெட்டி. பேட்டரியில ஓடுற சின்ன பெட்டி, மைக்குக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவுல உக்காரும்.

நாலு, மைக் பக்கத்துலயே ஒரு ரெக்கார்டர். கையடக்க ரெக்கார்டர்கள்ல எக்ஸ்.எல்.ஆர் இருக்கிற மாடல்கள் 48 வோல்ட் கொடுக்கும். மைக்கை அதுல செருகிட்டு, அதோட அவுட்புட்டை டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுக்கலாம். மைக்குக்குக் கரண்ட்டும் ஆச்சு, ரேடியோ விட்டு விட்டு வந்தாலும் முழுசா ஒரு பதிவும் ஆச்சு. ரீடேக் இல்லாத பேட்டிக்கு எனக்கு இதுதான் பிடிச்ச வழி.

எது வழி இல்லைன்னும் சொல்லிடறேன். எக்ஸ்.எல்.ஆர்ல இருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாத்துற வெறும் கேபிள், 5 வோல்ட்டை 48 ஆக்காது. ரோட் வி.எக்ஸ்.எல்.ஆர் பிளஸ்னு ஒரு அடாப்டர் இருக்கு, அது 48 வோல்ட்டை 3-ல இருந்து 5 வோல்ட்டா குறைச்சு குட்டி மைக்குக்குக் கொடுக்கும். மேல இருந்து கீழ மட்டும்தான். கீழ இருந்து மேல கொண்டு போகணும்னா பேட்டரியும் சர்க்யூட்டும் வேணும்.

கையில பிடிக்கிற டைனமிக் மைக்கை இடுப்பு டிரான்ஸ்மிட்டர்ல போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மைக் கரண்ட் கேக்காது. ஆனா டிரான்ஸ்மிட்டர் கேக்காமலே பயாஸ் அனுப்பும். அதைத் தடுக்கிற கெபாசிட்டர் உள்ள வச்ச கேபிள் கிடைக்குது, அதை வாங்குங்க.

ஒரே பிளக், வேற வேற குடும்பம்

காலர் மைக்ல பிரச்சினை வேற மாதிரி வரும். பிளக் உள்ள போயிடும், ஆனா கரண்ட் போய்ச் சேராது.

போனுக்குன்னு விக்கிற காலர் மைக்கோட பிளக்கைப் பாருங்க. மூணு கறுப்பு வளையம் இருக்கும். அது டி.ஆர்.ஆர்.எஸ், நாலு தொடர்புப் புள்ளி. கேமராவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் வர்றது டி.ஆர்.எஸ், ரெண்டு வளையம், மூணு புள்ளி. போன் வயரிங்ல மைக் இருக்கிறது பிளக்கோட அடிப்பகுதியில. கேமராவோ பிளக்கோட நுனியில மைக்கைத் தேடுது, நுனியிலதான் கரண்ட் கொடுக்குது. அதனால பெரும்பாலும் மௌனம்தான். இதுக்கு மாத்துற சின்ன அடாப்டர் மலிவா கிடைக்குது.

வயர்லெஸ் கம்பெனிகளும் ஒரே வயரிங் வச்சுக்கிறது இல்ல. சிலது திருகிப் பூட்டுற 3.5 மில்லிமீட்டர் பிளக். ஷூர் இடுப்பு டிரான்ஸ்மிட்டர்ல நாலு பின் இருக்கிற சின்ன கனெக்டர், அதுல கரண்ட்டுக்குத் தனி பின், ஆடியோவுக்குத் தனி பின். ஒரு கம்பெனி காலர் மைக்கை இன்னொரு கம்பெனி டிரான்ஸ்மிட்டர்ல போடணும்னா பிளக் பொருந்துதான்னு பார்த்தா போதாது. அந்த டிரான்ஸ்மிட்டருக்குன்னே வயரிங் பண்ணின மைக்கானு கேட்டு வாங்குங்க.

கரண்ட் மொத்தமா வராம இருக்கிறது ஒரு வகை. கம்மியா வர்றது இன்னொரு வகை, இது இன்னும் ஆபத்து. வோல்டேஜ் குறைஞ்சா மைக்குக்குள்ள இருக்கிற குட்டி ஆம்ப்ளிஃபயருக்கு இடம் பத்தாது. சாதாரணமா பேசினா நல்லாவே கேக்கும். ஆள் சிரிச்சாலோ கத்தினாலோ கரகரன்னு உடையும். டெஸ்ட்ல "ஒன் டூ த்ரீ"ன்னு மெதுவா சொல்லிப் பார்த்தா இது மாட்டாது. அதனால டெஸ்ட்ல ஒரு தடவை சத்தமா சிரிக்கச் சொல்லுங்க.

பேக்கப் காப்பாத்துமா?

இப்போ வர்ற சில கிளிப்-ஆன் டிரான்ஸ்மிட்டர்ல உள்ளயே ரெக்கார்டிங் இருக்கு. சிலதுல 32 பிட் ஃப்ளோட்டும் இருக்கு. "எப்படியும் பேக்கப் இருக்கே"ன்னு ஒரு தைரியம் வரும்.

அந்த பேக்கப் எதுக்கு? ரேடியோ விட்டுப் போனா காப்பாத்தும். 32 பிட் ஃப்ளோட் எதுக்கு? டிரான்ஸ்மிட்டருக்கு வந்து சேர்ந்த சத்தம் ரொம்பக் கூடுதலா குறைவான்னு பின்னாடி சரிபண்ண உதவும். மைக்கே உயிரோட இல்லைன்னா ரெண்டும் பதியறது மௌனத்தைத்தான். மைக்குக்குள்ளயே உடைஞ்ச சத்தம், 32 பிட்ல உடைஞ்ச சத்தமாவே துல்லியமா பதிவாகும். சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்?

பேட்டரி கணக்கு

டிரான்ஸ்மிட்டர்தான் மைக்குக்குச் சோறு போடுதுன்னா, அந்தச் சோறு டிரான்ஸ்மிட்டரோட பேட்டரியில இருந்துதான் போகணும். எவ்வளவு போகும்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம்.

காலர் மைக், 5 வோல்ட், அரை மில்லி ஆம்பியர். பெருக்கினா 2.5 மில்லி வாட். பேண்டம் மைக் ஒண்ணு 3 மில்லி ஆம்பியர் எடுக்குதுன்னு வைங்க. 48 வோல்ட்டால பெருக்கினா 144 மில்லி வாட். கிட்டத்தட்ட 58 மடங்கு.

டிரான்ஸ்மிட்டர்ல சார்ஜ் பண்ற டபுள் ஏ பேட்டரி ரெண்டு, ஒவ்வொண்ணும் 1.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் அவர். மொத்தம் 4.8 வாட் அவர். டிரான்ஸ்மிட்டர் மட்டும் 0.6 வாட் எடுத்தா 8 மணி நேரம் ஓடும். காலர் மைக் போட்டாலும் பெருசா குறையாது. பேண்டம் மைக் போட்டா, 2.4 வோல்ட்டை 48-ஆ உயர்த்துற சர்க்யூட்ல கொஞ்சம் வீணாகும். 80 சதவீதம்தான் தேறும்னு வச்சா 0.18 வாட் கூடுது. மொத்தம் 0.78. இப்போ 6 மணி நேரம் சொச்சம்தான். பேண்டம் தரம் ஒரு மைக்குக்கு 10 மில்லி ஆம்பியர் வரைக்கும் அனுமதிக்குது. பசி அதிகமான மைக்னா நேரம் இன்னும் சுருங்கும்.

அதாவது, அட்டைப் பெட்டியில போட்டிருக்கிற "8 மணி நேரம்" உங்க மைக்கோட சேர்த்துச் சொன்னது இல்ல.

இன்னொண்ணு பேட்டரி வகை. கடையில வாங்குற ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்ல ஆரம்பிச்சு படிப்படியா இறங்கும். சார்ஜ் பண்ற செல் 1.2 பக்கத்துலயே ரொம்ப நேரம் நின்னுட்டு கடைசியில சட்டுனு விழும். டிரான்ஸ்மிட்டர்ல தெரியற பேட்டரி கோடு, வோல்டேஜைப் பார்த்துதான் யூகிக்குது. எந்த வகை போட்டிருக்கீங்கன்னு மெனுவுல தேர்வு பண்ற வசதி இருந்தா கட்டாயம் பண்ணுங்க. இல்லைன்னா "இன்னும் பாதி இருக்கு"ன்னு காட்டிட்டே ஆஃப் ஆகும்.

ரிசீவரையும் மறந்துடாதீங்க. பெரும்பாலான செட்ல அதுக்குத் தனி பேட்டரி. சோனி கேமராவுல மல்டி இன்டர்ஃபேஸ் ஷூ மாதிரி ஏற்பாடு இருந்தா, அதுக்குன்னு வர்ற மைக்குக்கும் ரிசீவருக்கும் கேமராவே கரண்ட் கொடுக்கும். ரொம்ப வசதி. ஆனா அதுவும் கேமரா பக்கத்து விஷயம்தான். அந்தப் பக்கம் டிரான்ஸ்மிட்டர் தன் பேட்டரியை நம்பித்தான் இருக்கு.

சத்தம் வரலைன்னா எங்க தேடுறது?

நாங்க கோட்ல பிழை தேடும்போது மொத்தத்தையும் ஒரே நேரத்துல மாத்த மாட்டோம். நடுவுல ஒரு இடத்துல நின்னு, "இதுவரைக்கும் சரியா?"ன்னு பார்ப்போம். இங்கயும் அதே.

டிரான்ஸ்மிட்டர்ல இருக்கிற ஆடியோ மீட்டரைப் பாருங்க. மைக்கை லேசா விரலால சொரண்டுங்க. மீட்டர் ஆடுதா? ஆடினா மைக்குக்குக் கரண்ட் போகுது, பிரச்சினை அதுக்கு அப்புறம்தான். ரிசீவர்ல சிக்னல் வருதா, ஆடியோ மீட்டர் ஆடுதா, கேமரா சரியான இன்புட்ல இருக்கான்னு வரிசையா பாருங்க.

மீட்டர் ஆடலைன்னா கேமரா பக்கம் போகவே போகாதீங்க. மியூட் சுவிட்சைப் பாருங்க. மைக் என்ன வோல்டேஜ் கேக்குது, டிரான்ஸ்மிட்டர் என்ன கொடுக்குது, பேண்டம் ஆன் பண்ணியிருக்கானு பாருங்க. மைக்ல சொந்த பேட்டரி இருந்தா மாத்திப் பாருங்க. பிளக்ல எத்தனை வளையம்னு எண்ணுங்க.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம். மைக் இல்லாம, எக்ஸ்.எல்.ஆர் சாக்கெட்ல 1-க்கும் 2-க்கும் நடுவுல, அப்புறம் 1-க்கும் 3-க்கும் நடுவுல அளந்து பாருங்க. ரெண்டுலயும் 44-ல இருந்து 52 வோல்ட்டுக்குள்ள காட்டினா பேண்டம் நல்லா இருக்கு. ஒண்ணுல மட்டும் வந்தா சாக்கெட்லயோ கேபிள்லயோ கோளாறு. 3.5 மில்லிமீட்டர் பக்கம், ஒரு கேபிளைச் செருகி மறுமுனையில நுனிக்கும் அடிக்கும் நடுவுல அளந்தா ரெண்டு மூணு வோல்ட் வரணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

கடைசியா, ஷூட்டுக்கு முந்தின நாள் ராத்திரி பண்ண வேண்டியது. ஒரு பேப்பரை எடுத்து மூணு வரி எழுதுங்க. என் மைக் என்ன கேக்குது: ஒண்ணும் இல்லையா, 2-5 வோல்ட்டா, 48 வோல்ட்டா, சொந்த பேட்டரியா? அது நேரா எதுல செருகப் போகுது? அந்தப் பெட்டி அதைக் கொடுக்குமா? மூணாவது வரியில "ஆமா"ன்னு எழுத முடியலைன்னா, கடை திறந்திருக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டீங்க. கல்யாண மண்டபத்துல நின்னு தெரிஞ்சுக்கிறதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் செட் மொத்தத்தையும் மாட்டி, நாளைக்கு எந்த மைக், எந்த கேபிள், எந்த பேட்டரியோ அதையே போட்டு, பத்து நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. அந்த ஃபைலை ஹெட்ஃபோன்ல முழுசா கேளுங்க. ஷூட் அன்னைக்கு கேமராவுல ஹெட்ஃபோன் மாட்டி ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கட்டும். மீட்டர் ஆடுறதை மட்டும் நம்பாதீங்க, இரைச்சலுக்கும் மீட்டர் ஆடும்.

உங்க செட்ல எந்த மைக் எதோட சண்டை போடுதுன்னு மாடல் பேரோட எழுதி அனுப்புங்க. நிறைய வந்தா அதுக்குன்னே ஒரு எபிசோட் போட்டுடலாம். அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும் பேட்டரியை சார்ஜ்ல போடுங்க மக்களே.